கடிகாரம் இல்லாத மாளிகைகள்



திருத்தலங்களையும் திருப்பயணங்களையும் பற்றி வழக்கமாக எழுதிவரும் இப்பகுதியில், இம்மாதம் ஒரு சூதாட்ட நகரைப் பற்றி எழுதப் புகுந்தது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். நாங்களும் அதனைத் தேடிச் செல்லவில்லை. புனித சவேரியாரின் அடிச்சுவட்டைக் காணவே சென்றோம். ஆயினும் தேடிச் சென்ற இடத்தில் பெற்ற பாடத்தைவிடத் தேடாத இடத்தில் பெற்ற பாடம் சில வேளைகளில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. அதனைப் பகிர்ந்துகொள்ளாமல் இருக்க மனம் இடம் தரவில்லை.

சீனத்தின் தென்கரையில், முத்து ஆறு கடலில் கலக்கும் முகத்தில் இருப்பது மக்காவ் நகர். முப்பத்து மூன்று சதுர கிலோமீட்டர் அளவே கொண்ட சின்னஞ்சிறு நிலம். ஏறத்தாழ 1557-ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியர் அங்குக் குடியேறினர். 1999-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் அது மீண்டும் சீனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் உழைத்த சவேரியார், சீனத்தில் கால்வைக்கும் ஆவல் நிறைவேறாமலே 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அக்கரைக்கு அப்பாலுள்ள சான்சியான் தீவில் உயிர் துறந்தார். அவருடைய கை எலும்பின் ஒரு பகுதி இன்று மக்காவிலுள்ள புனித சூசையப்பர் குருமடத்து ஆலயத்தில் வணக்கத்திற்கு வைக்கப்பட்டுள்ளது. 1576-ஆம் ஆண்டிலேயே மறைமாவட்டமாக உயர்த்தப்பட்ட பழம்பெரும் திருத்தலம் அது. சீனத்திற்கும் ஜப்பானுக்கும் சென்ற மறைபரப்பாளர் பலர் அதன் வாசல் வழியாகவே சென்றனர்.

இத்தகைய நகரம் சூதாட்டத்திற்குப் பெயர் பெற்றது எவ்வாறு? ஹாங்காங் துறைமுகம் வளர்ந்தபோது மக்காவின் வணிகம் தளர்ந்தது. வருமானம் தேடிய ஆட்சியாளர் 1840-களின் பிற்பகுதியில் சூதாட்டத்திற்குச் சட்ட அனுமதி வழங்கினர். 1962 முதல் நாற்பது ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த இத்தொழில், 2002-இல் பலருக்கும் திறந்துவிடப்பட்டது. நான்கே ஆண்டுகளில், அதாவது 2006-இல், அமெரிக்காவின் புகழ்பெற்ற லாஸ் வேகாஸ் வீதியையும் மக்காவ் வருவாயில் விஞ்சிவிட்டது. 2013-ஆம் ஆண்டில் மட்டும் அம்மேசைகள் ஈட்டிய தொகை ஏறத்தாழ 4,500 கோடி அமெரிக்க டாலர். ஈட்டிய தொகை என்பது, வந்தவர்கள் அங்கே விட்டுச்சென்ற தொகை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஹாங்காங்கிலிருந்து கடல்மேல் அமைந்த நெடும் பாலத்தின் வழியாகப் பேருந்தில் சென்றோம். 2018-இல் திறக்கப்பட்ட அப்பாலத் தொடரின் நீளம் 55 கிலோமீட்டர். எங்கள் குழுவில் அறுவர். மூத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எழுபதைக் கடந்தவர். அவரை நாங்கள் டீச்சரம்மா என்றே அழைப்போம்.

முதல் நாள் முற்பகலில் பழைய நகரைச் சுற்றினோம். அலைபோல் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த சதுக்கம், 1587-இல் தொடங்கப்பட்ட புனித தொமினிக் ஆலயம், தெருமுனைகளில் விற்கும் முட்டைப் பணியாரம் என்று கண்ணும் வயிறும் நிறைந்தன. பிற்பகலில் குழுவின் இளையோர், “இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்; அந்த மாளிகைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாமே” என்றனர். எங்களுக்கும் ஆவல் இல்லாமல் இல்லை. டீச்சரம்மா மட்டும் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். “எனக்குக் கோயில் போதும் அப்பா. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆறு மணிப் பூசைக்கு மட்டும் வந்துவிடுங்கள்” என்றார். அன்று அவருடைய காலஞ்சென்ற கணவரின் ஆண்டு நினைவு நாள். அவருக்காகச் செபிக்கத்தான் அம்மாலைத் திருப்பலிக்கு எல்லோரும் சேர்ந்து செல்வதாக இருந்தோம். “ஐந்தரைக்கே வந்து நிற்போம்” என்று வாக்களித்துவிட்டுப் புறப்பட்டோம்.

தைப்பா, கொலோவான் என்னும் இரு தீவுகளுக்கு இடையே கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலமே கோத்தாய். இரு தீவுகளின் பெயர்களையும் ஒட்டவைத்து இட்ட பெயர் அது. ஒரு காலத்தில் அலையடித்த இடத்தில் இன்று மாளிகைகள் வானளாவி நிற்கின்றன. பாரிஸ் நகரத்து ஈபிள் கோபுரம் பாதி உயரத்தில் அங்கே எழுந்து நிற்கிறது. 2007-இல் திறக்கப்பட்ட ஒரு மாளிகையின் உள்ளே, மேல்தளத்தில், வெனிஸ் நகரத்து வாய்க்கால்கள் ஓடுகின்றன. படகோட்டிகள் பாடிக்கொண்டே துடுப்பு வலிக்கிறார்கள். தலைக்குமேல் வெண்மேகம் தவழும் நீல வானம். அண்ணாந்து பார்த்தால்தான் அது வர்ணம் தீட்டிய கூரை என்று தெரிகிறது. அந்த வானத்தில் கதிரவன் எழுவதும் இல்லை, சாய்வதும் இல்லை. மாளிகைக்கு அழைத்துச் செல்லும் பேருந்துக்குக் கட்டணம் இல்லை. உள்ளே நுழையவும் கட்டணம் இல்லை. இத்தனையும் இலவசமாகக் கிடைக்கும்போது, இதற்கெல்லாம் யார் பணம் செலுத்துகிறார்கள் என்று கேட்கத் தோன்றாததே மனித இயல்பு போலும்.

அடுத்திருந்த மற்றொரு மாளிகையில் சூதாட்டக் கூடத்தையும் கண்டோம். இருபத்தொரு வயது நிறைந்தவர் எவரும் நுழையலாம். படம் எடுக்க மட்டும் அனுமதி இல்லை. நூற்றுக்கணக்கான மேசைகள். பெரும்பாலானவற்றில் பக்கரட் என்னும் சீட்டாட்டம். இரு பக்கம் சீட்டுப் பிரிக்கிறார்கள். எப்பக்கத்தின் கூட்டுத்தொகை ஒன்பதுக்கு அருகில் வருகிறதோ அப்பக்கத்துக்கு வெற்றி. இவ்வளவே ஆட்டம். சிறுவனும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வான். நாங்கள் திரைப்படங்களில் கண்ட ஆரவாரமும் சிரிப்பும் அங்கே அதிகம் இல்லை. ஒருவர் சீட்டின் ஓரத்தை நகத்தால் மெல்ல மடித்து, உயிரே அதற்குள் இருப்பதுபோல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் மூச்சுவிடவும் மறந்திருந்தனர்.

நாங்கள் ஒரு காசும் வைக்கவில்லை. வேடிக்கை மட்டுமே பார்த்தோம். ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கும், ஒரு கூடத்திலிருந்து மறு கூடத்திற்கும் நகர்ந்தோம். அங்கிருந்து கடைவீதி, கடைவீதியிலிருந்து நீரூற்று, நீரூற்றிலிருந்து மீண்டும் எப்படியோ அதே கூடம். ஒரு வழியாக வெளியே வந்தபோது திடுக்கிட்டோம். வானம் இருண்டு, வீதியெங்கும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மணி ஏழே கால்!

கையில் கடிகாரம் இல்லாமல் இல்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருந்தது. ஆனால் பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு சாளரம் இல்லை, சுவரில் ஒரு கடிகாரம் இல்லை என்பது அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. எல்லா வசதிகளையும் எண்ணி எண்ணிச் செய்தவர்கள் கடிகாரத்தை மட்டும் மறந்திருப்பார்களா?

பழைய நகருக்கு விரைந்தோம். ஆலயத்தின் கதவு சாத்தியிருந்தது. படிக்கட்டில், தெருவிளக்கின் வெளிச்சத்தில், கையில் செபமாலையுடன் டீச்சரம்மா தனியே அமர்ந்திருந்தார். மொழி தெரியாத ஊர். வெளிநாட்டில் இயங்கும் கைப்பேசியும் அவரிடம் இல்லை. எங்களுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்று அஞ்சியபடியே மூன்று செபமாலை முடித்திருக்கிறார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. “பூசையில் உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்” என்று மட்டும் சொன்னார். அவர் கடிந்துகொண்டிருந்தால் எங்கள் மனம் சிறிது ஆறியிருக்கும். சூதாட்ட மாளிகையில் ஒன்றையும் இழக்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, நாங்கள் இழந்தது என்ன என்பது அந்தப் படிக்கட்டில்தான் விளங்கிற்று.

அன்றிரவு விடுதியில் உறக்கம் வராமல் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். குழுவில் கணக்குத் தெரிந்த ஒருவர் தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். பக்கரட் ஆட்டத்தில் வீட்டாருக்குள்ள அனுகூலம் மிகச் சிறிது. நூறு ரூபாய் வைத்தால் சராசரியாக ஒரு ரூபாயும் சில காசுகளும் மட்டுமே அவர்கள் பக்கம் சாயும். ஒரு முறை ஆடிவிட்டு எழுந்து செல்பவருக்கு வெற்றியும் தோல்வியும் ஏறத்தாழச் சரிபாதி. ஆனால் ஒரு மணி நேரத்தில் அறுபது ஆட்டம் நடப்பதாகக் கொண்டால், நூறு நூறாக வைப்பவர் 6,000 ரூபாய் வைத்தவர் ஆகிறார். அதில் சராசரியாக 65 அல்லது 70 ரூபாய் கரைந்துவிடும். பத்து மணி நேரம் அமர்ந்தால் 650, 700. இழந்ததை மீட்க வேண்டும் என்று பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் கரைவதும் இரட்டிப்பாகும். கறையான் வீட்டை இடித்துத் தள்ளுவதில்லை; அரிக்கிறது. அதற்கு வேண்டியது வலிமை அன்று, நேரம். அம்மாளிகைகளுக்கு வேண்டியதும் அதுவே. ஆகவே முதலில் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்வது பணத்தை அன்று, நேரத்தை. நேரத்தைக் கொடுத்தவரிடமிருந்து பணம் தானே வந்து சேரும்.

மறுநாள் காலையில் மற்றொன்றைக் கண்டோம். சூதாட்ட விடுதிகளைச் சூழ்ந்த தெருக்களில் அடகுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கண்ணாடிப் பேழைகளில் மோதிரங்கள், சங்கிலிகள், அவற்றைவிட மிகுதியாகக் கைக்கடிகாரங்கள்! ரோலெக்ஸ், ஒமேகா என்று விலையுயர்ந்தவை வரிசை வரிசையாக. உள்ளே கடிகாரம் இல்லை. வெளியேயோ, உள்ளே சென்றவர்கள் கழற்றிக் கொடுத்த கடிகாரங்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் எத்தனை திருமணப் பரிசுகளோ, எத்தனை தந்தையர் மகன்களுக்கு ஆசையுடன் அணிவித்தவையோ! 1917-இல் கட்டப்பட்ட பழைய அடகுக் கடை ஒன்று இன்று காட்சிக்கூடமாகப் பேணப்படுகிறது. அதன் வாயிலுக்குள் ஆள் உயரத்துக்கு மேல் மரத்தட்டி ஒன்று நிற்கிறது. உள்ளே நிற்பவர் முகத்தைத் தெருவில் செல்பவர் பார்த்துவிடாதபடி மறைக்கவே அந்த ஏற்பாடு. வெட்கம் என்ற ஒன்று மனிதனுக்கு இருக்கிறது என்பதை அடகுக் கடைக்காரர் அறிந்திருந்தார்.

அன்று ஞாயிறு. ஆங்கிலத் திருப்பலியில் ஆலயம் நிறைந்திருந்தது. வந்திருந்தோரில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பிழைக்க வந்த எளிய மக்கள். திருப்பலி முடிந்தபின் ஒரு பெண்மணி எங்களுடன் உரையாடினார். அம்மாளிகைகளுள் ஒன்றில் இரவில் தரை துடைக்கும் பணியாளர் அவர். பிள்ளைகள் இருவரும் ஊரில் பாட்டியிடம் வளர்கின்றனர். பணி முடித்து, உறங்காமல் நேரே ஆலயத்திற்கு வந்திருந்தார். எங்கள் கதையைக் கேட்டுச் சற்றே சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, சில நாள்களுக்குமுன் நல்ல உடை அணிந்த ஒருவர் என்னிடம் வந்தார். ஏதோ வழி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ‘இப்போது பகலா, இரவா?’ என்று கேட்டார். ‘விடியற்காலை ஐந்து மணி’ என்றேன். ‘எந்த நாள்?’ என்றார்.” இதனைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஏளனம் இல்லை, இரக்கமே இருந்தது. “என் பிள்ளைகள் எழுந்திருக்கும் நேரம் எனக்கு எப்போதும் தெரியும் ஐயா. அந்த நேரத்தில்தான் நான் அவர்களுடன் பேசுவேன்” என்றார். அந்தப் பொன்மாளிகையில் நேரம் அறிந்தவர் தரை துடைக்கும் அந்தத் தாய் ஒருவரே என்று எங்களுக்குத் தோன்றிற்று.

பிறகு புனித பவுல் ஆலயத்தின் முகப்பைக் காணச் சென்றோம். 1602 முதல் 1640 வரை கட்டப்பட்ட அப்பேராலயம் 1835-இல் தீக்கிரையாயிற்று. முகப்பு மட்டும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு தனித்து நிற்கிறது. ஜப்பானில் வேதகலகத்திற்குத் தப்பி வந்த கிறிஸ்தவக் கைவினைஞர்களும் உள்ளூர்த் தச்சர்களும் செதுக்கிய சிற்பங்கள் அதில் உள்ளன. தேவதாய் பல தலை நாகத்தை மிதித்து நிற்கிறாள். ஒரு மூலையில் எலும்புக்கூடு ஒன்று. அதனருகே சீன எழுத்துகள். சாவை நினைப்பவன் பாவம் செய்யான் என்பது அதன் பொருள். மனிதனின் நேரம் முடிவுள்ளது என்று அக்கல் நானூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நேரத்திற்கு முடிவே இல்லை என்று, சற்றுத் தொலைவிலுள்ள வர்ண வானம் சொல்கிறது.

இங்கே மற்றொருவரை நினைக்காமல் இருக்க இயலாது. சவேரியார் இறந்த அதே 1552-ஆம் ஆண்டில் இத்தாலியில் பிறந்தவர் இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி. நம் பக்கத்து ஊராகிய கொச்சியில் 1580-இல் குருப்பட்டம் பெற்று, 1582-இல் மக்காவ் வந்து சீன மொழி கற்றார். அடுத்த ஆண்டு சீனத்திற்குள் நுழைந்தபோது அவரும் தோழரும் கொண்டுசென்ற அரும்பொருள்களுள் தானே மணியடிக்கும் கடிகாரமும் ஒன்று. 1601-இல் பெய்ஜிங்கில் வான்லி பேரரசருக்கும் கடிகாரங்களைக் காணிக்கையாக்கினார். சாவி கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டியிருந்ததால், குருக்கள் தலைநகரில் தங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. ஷாங்காய் நகரத்துக் கடிகாரத் தொழிலாளர் பிற்காலத்தில் அவரைத் தம் தொழிலின் காவலராகவே போற்றினர். 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். எந்த வாசல் வழியாக ஒரு குருவானவர் சீனத்திற்குக் கடிகாரத்தைக் கொண்டுசென்றாரோ, அதே வாசலில் இன்று கடிகாரம் இல்லாத மாளிகைகள் எழுந்துள்ளன. இதனைக் காலத்தின் கோலம் என்பதா?

அந்நகர மக்களைக் குறைகூற இவற்றை எழுதவில்லை. அரசின் வருவாயில் பெரும்பகுதி அம்மேசைகளிலிருந்து வருகிறது. அதனைக் கொண்டு பள்ளிக் கல்வி இலவசமாக வழங்கப்படுகிறது, 2008 முதல் குடிமக்களுக்கு ஆண்டுதோறும் பணமும் பகிர்ந்தளிக்கப்பட்டு வருகிறது. ஆயினும் அவ்வரசே இயற்றிய விதிகளைக் கவனியுங்கள். அரசு ஊழியர் சூதாட்டக் கூடத்திற்குள் நுழையக் கூடாது. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள்கள் மட்டும் விலக்கு. 2019-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, சூதாட்ட விடுதிகளில் வேலை செய்வோரும் பணியில்லா நேரத்தில் அங்கே நுழையத் தடை விதிக்கப்பட்டது. நாள் முழுதும் அடுப்பருகே நிற்பவனுக்கே நெருப்பின் சூடு தெரியும் என்று சட்டம் ஒப்புக்கொண்டதுபோல் இருக்கிறது. “என்னை உள்ளே விடாதீர்கள்” என்று ஒருவர் தாமே எழுதிக் கொடுக்கவும் அங்கே வழியுண்டு. மனைவியோ, பெற்றோரோ, பிள்ளைகளோ எழுதிக் கொடுத்து அவர் இசைந்தாலும் தடை நடைமுறைக்கு வரும். தந்தைக்காக அப்படி ஒரு தாளில் கையெழுத்திடும் மகனின் நெஞ்சை எண்ணிப் பாருங்கள்.

திருச்சபையின் போதனை இதில் மிகவும் நிதானமானது. வாய்ப்பை நம்பி ஆடும் ஆட்டம் தன்னளவிலேயே அநீதி என்று அது கூறவில்லை. தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் உரியதை அது பறிக்கும்போது தவறாகிறது. அதன் வேட்கை மனிதனை அடிமையாக்கிவிடும் ஆபத்து உண்டு என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் எச்சரிக்கிறது. உரியது என்றால் பணம் மட்டும்தானா? மனைவிக்கு உரிய மாலை நேரம், பிள்ளைக்கு உரிய இரவு நேரம், முதியவருக்கு உரிய உரையாடல், ஆண்டவருக்கு உரிய ஞாயிறு ஆகியவையும் உரியவையே. கல்வாரியில் சிலுவையடியில் அமர்ந்து ஆண்டவரின் அங்கிக்காகச் சீட்டுப் போட்ட படைவீரர்களை நினைத்துப் பாருங்கள். உலகத்தின் மீட்பு அவர்கள் தலைக்குமேல் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கண்கள் தரையில் இருந்தன.

மக்காவ் தொலைவில் உள்ளது, நமக்கென்ன என்று ஒருவரும் எண்ண வேண்டாம். கடிகாரம் இல்லாத மாளிகை இன்று ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அத்தகைய சட்டம் தேவைப்பட்டது என்பதே எத்தனை இல்லங்கள் கண்ணீர் வடித்தன என்பதற்குச் சான்று. ஆனால் பணம் வைக்காதபோதும் நேரம் போய்க்கொண்டுதானே இருக்கிறது? ஒரு காசும் வைக்காமல், ஓர் ஏழை மூதாட்டியை இருட்டில் காக்கவைத்தவர்கள் நாங்கள். ஆகவே பிறருக்கு உபதேசம் செய்யும் தகுதி எங்களுக்கு இல்லை. கண்டதைச் சொல்லும் கடமை மட்டுமே உண்டு.

ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். நெடுநாளாக ஓடாமல் பரண்மேல் கிடந்த பழைய சுவர்க்கடிகாரத்தை எடுத்துப் பழுது பார்த்து, உணவுக்கூடத்தில் மாட்டினோம். அது மணியடிக்கும்போது கைப்பேசிகள் ஒரு தட்டில் சென்று அமர்கின்றன. குடும்பச் செபம் தொடங்குகிறது. சில நாள்களில் தவறுவதும் உண்டு. தவறும் நாளில் அந்தப் படிக்கட்டும் தெருவிளக்கும் செபமாலையும் எங்கள் கண்முன் வந்து நிற்கின்றன.

சென்ற வாரம் டீச்சரம்மா வீட்டிற்கு வந்திருந்தார். மாலை ஆறு மணிக்கு நம் பங்கு ஆலயத்தில் மூவேளைச் செபத்திற்கான மணி அடித்தது. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். அன்று நாங்கள் யாரும் தாமதமாகவில்லை.